நல்ல கண்ணை மூடச் சொன்னார்கள்

என்னைப் போல ஒரு முட்டாளைப் பாபநாசம் வட்டாரத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அவன் எனக்கு அடுத்த இடம்தான். சாட்சி, கண்ணை மூடும் ஒரு துண்டு ஒட்டு. அக்கா மகளுக்கு அப்போது ஐந்து வயது. இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். மாறுகண் என்றால் எங்களுக்கு அதிர்ஷ்டம். குறுவை நடவில் முதல் நாற்றை அவள் கையால்தான் ஊன்ற வைப்பேன். விளைந்த வருஷம் பாராட்டு அவளுக்கு. விளையாத வருஷம் பழி மேட்டூர் அணைக்கு.

பள்ளிக்கு வந்த கண் டாக்டரம்மா, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடச் சொன்னார். அப்போதுதான் மற்றக் கண் பார்க்கப் பழகுமாம். அத்தான் வெளிநாட்டில் இருந்ததால் வீட்டில் என் பேச்சுதான் சட்டம். "தெரியிற கண்ணை மூடிட்டுத் தெரியாத கண்ணால பாக்கணுமாம். நாளைக்கு நல்ல காலைக் கட்டிப்போட்டு நொண்டச் சொல்லுவாங்க" என்றேன். அக்கா சிரித்தாள். நான் குழந்தை கண்ணில் இருந்த ஒட்டைப் பிய்த்துப் போட்டேன். குழந்தையும் கைதட்டிச் சிரித்தது. நான் அடித்த ஜோக்குகளில் அதிக நாள் ஓடியது அதுதான்.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது, வங்கி வேலை. இவள் ஒருவரைப் பார்த்துப் பேசினால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறாராம். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான். அதில் பார்வை வருமா என்று கேட்க, போன மாதம் நானும் அவளும் தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒட்டுப் போட்டுப் பழக்கும் வயது போய்விட்டது. பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும் ஆட்களுக்கென்று ஒரு கண்ணாடி உண்டு; இவளுக்கு அது உதவாது. ஊசி போட்டால் கண் சில மாதம் நேராக நிற்கும். ஆபரேஷனில் கண் தசையைத் தளர்த்தியோ இறுக்கியோ நேராக்கலாம்; பல வருஷம் கழித்து மறுபடி ஒதுங்கினாலும் ஒதுங்கும்.

"பார்வை, டாக்டர்?"

"அது வராதும்மா. இன்னொரு கண்ணைக் காப்பாத்துங்க. அதுல அடிபடாம இருக்க எப்பவும் கண்ணாடி போட்டுக்குங்க."

அவள் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டாள். வாய் வரை வந்த வேடிக்கைப் பேச்சை வாழ்க்கையில் முதல் தடவையாக விழுங்கினேன்.

நர்ஸ் படிவத்தோடு வந்து, கூட வந்தவர் யார் என்றார். "நான்தான், தாய்மாமன். குடும்மா, எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு தடவை முடிவு பண்ணது போதும் மாமா."