தலைகீழ் ஆறு

தையல்காரருக்கு ஆட்டம் பார்க்கத் தெரியாது என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பொய்யில்லை. கால்பந்துக் கிளப்பில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர், ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. கேலரிக்கு அடியில் ஒரு அறை. அதில் ஒரு மிதி மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, சுவரில் சட்டை மாட்டப் பதினாறு ஆணி. தலைக்கு மேலே பலகைகள் அதிர்ந்தால் நம்ம பக்கம் கோல். மேலே சத்தமே இல்லையென்றால் எதிரி கோல். அவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் ஆட்டக்காரர்களை அவரைப்போல் அறிந்தவர் யாருமில்லை. ஒருவன் பதற்றம் வந்தால் காலரைக் கடிப்பான். ஒருவனுக்கு வலது அக்குள் மட்டும் கிழியும். ஒருவன் தோற்ற சட்டையைச் சுருட்டி எறிவான், ஜெயித்த சட்டையையும் சுருட்டித்தான் எறிவான். சட்டையைக் கையில் எடுத்தாலே ஆளைச் சொல்லிவிடுவார்.

தையல்காரருக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவர். கிளப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த தாய்மாமன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மெஷினில் உட்காரவைத்தார். கல்யாணமும் கிளப்பில்தான் முளைத்தது. ஆறாம் நம்பர்க்காரனுக்குக் காய்ச்சல் என்று அவன் வீட்டுக்குச் சட்டை கொடுக்கப் போனார்; கதவைத் திறந்தது அவன் அக்கா. சட்டை கொடுக்கப் போனவர் பெண் எடுத்துக்கொண்டு வந்தார் என்று கிளப்பே சிரித்தது.

அந்த மச்சானுக்கு ஊர் வைத்த பெயர் பூட்டு. பின்னால் நின்று தடுக்கிறவர். அவரைத் தாண்டிப் பந்து போகாது, அவர் வாயைத் தாண்டி வார்த்தையும் வராது. நாலு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. பேச இடம் கிடைத்திருக்காது. பதினாலு வருஷம் ஆடினார். அப்புறம் ஒரு துணி மில்லில் லிஃப்ட் ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போது கிளப்பின் வெளிச்சுவரில் பழைய ஆட்டக்காரர்கள் பதினொரு பேரைப் படமாக எழுதப்போவதாகச் செய்தி வந்தது. யார் யார் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கிளப் செயலாளர் பழைய ரசிகர்களிடமே விட்டுவிட்டார். ரசிகர்கள் கூடுகிற இடம் கிளப்புக்கு எதிரே உள்ள சலூன். அங்கே ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்கிறவர் ஒருவர் என்றால் வாயை வெட்டிக்கொள்கிறவர் ஒன்பது பேர்.

மூன்று ஞாயிறு சண்டைக்குப் பிறகு பத்துப் பேர் முடிவாயிற்று. முதல் பெயர் கொக்கு. ஒன்பதாம் நம்பர். நெட்டையான ஆள், நீளக் கால். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, மழையில், ரயில் பாதைக்கு அந்தப்பக்கத்துக் கிளப்பை இறுதி ஆட்டத்தில் ஒரே கோலில் ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்களே, அந்தக் கோலுக்குச் சொந்தக்காரர். பந்தைத் தலையால் முட்டிய அந்தக் கணத்தின் படம் சலூன் கண்ணாடிக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. கொக்கு பெரிய கிளப்புக்குப் போய், தூரதேசத்தில் குடியேறிவிட்டார். அந்தக் கோலைப் பற்றி யார் கேட்டாலும், "அன்னிக்கு நல்ல மழை" என்று மட்டும் சொல்வாராம். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் பேர்.

பதினொன்றாவது இடத்துக்குப் பூட்டா, அவரைப்போலவே பின்னால் நின்று ஆடிய சுருட்டையா என்று இழுபறி. அடுத்த ஞாயிறு முடிவு.

"என் தம்பி அந்தச் சுவத்துல இல்லேன்னா நான் அந்தத் தெருவுலயே நடக்க மாட்டேன்" என்றாள் மனைவி, சட்டைப் பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"நடக்காட்டி போ. மார்க்கெட்டுக்கு வேற வழியும் இருக்கு."

"பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்காக வாயை மூடிக்கிட்டவன் அவன். உங்க வாயில என்ன, ஊசி குத்தி வச்சிருக்கா?"

 உண்மையில் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். பேக்கரிக்காரர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தார். தையல்காரர் கதவோரம், வழக்கம்போல் நின்றுகொண்டே.

"பூட்டு நல்ல மனுஷன். நான் இல்லேங்கல" என்றார் பேக்கரிக்காரர். "பதினாலு வருஷத்துல ஒரு கோலாவது உண்டா? ஒண்ணே ஒண்ணு? கோல் கம்பத்துக்கே அவரை அடையாளம் தெரியாது! சுருட்டை பின்னால நின்னுக்கிட்டே மூணு போட்டான்."

"பூட்டு வேலை பூட்டுறதுய்யா. பூட்டு எங்கயாவது ஊர் சுத்துமா?" என்றார் சலூன்காரர்.

"அதான் சொல்றேன். பூட்டைக் கதவுல மாட்டு, சுவத்துல எதுக்கு?"

நுரைக்காரர்கூடச் சிரித்தார். சவரக்கத்தியை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு கோல் போட்டிருக்கான்" என்றார்.

"எப்போ?"

"அந்த மழையில."

சலூன்காரர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். பிறகு பேக்கரிக்காரர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, மச்சான் பாசம் இருக்கட்டும். அதுக்காகக் கொக்கு கோலையா களவாடறது?"

"அந்தப் படத்தைக் கொஞ்சம் இறக்கு" என்றார் தையல்காரர்.

சலூன்காரர் ஸ்டூல் போட்டு இறக்கினார். சேற்றில் முக்கி எடுத்தது மாதிரி இருபது உருவம். நடுவில் ஒருவர் எம்பி நிற்கிறார், முகம் தெரியவில்லை, முதுகும் ஒன்பதும் தெரிகிறது.

"ஒம்பதோட வாலைப் பாரு."

"வளைஞ்சிருக்கு. அதுக்கென்ன?"

"இப்ப அந்தப் பக்கம் மாட்டியிருக்கிற கொக்கு படத்தைப் பாரு. அந்த ஒம்பதோட வாலு?"

சலூன்காரர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொக்கு கோப்பையைத் தூக்கிக் காட்டும் படம் அது, முதுகுதான் தெரிகிறது. அந்த ஒன்பதின் கால் குச்சிபோல் நேராக இறங்கியது.

"நம்பர் எல்லாம் நான் துணியில வெட்டித் தைக்கிறது" என்றார் தையல்காரர். "கொக்கு வந்த வருஷமே, 'எனக்கு நீளக் கால், என் ஒம்பதுக்கும் நீளக் கால் வெட்டு'ன்னு கேட்டான். நேர்க் கால் ஒம்பது அவனுக்கு மட்டுந்தான். வளைஞ்ச வாலு ஆறுக்குத்தான் போடுவேன். நீங்க பாக்குறது ஆறு. தலைகீழா."

பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னார். இடைவேளையில் பூட்டின் சட்டை முதுகோடு கிழிந்து வந்தது. மழைக்குக் கரண்ட் போய்விட்டது; மெஷின் இருந்த மூலை கும்மிருட்டு. மாற்றுச் சட்டையில் நம்பர் இல்லை. பன்னிரண்டு நிமிஷம். ஜன்னல் வெளிச்சத்தில், ஈரத்துணியில், கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டு மாட்டி அனுப்பினார். கோட்டோரம் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மைதானத்தில் இரண்டு ஒன்பது ஓடிக்கொண்டிருந்தன. ஓடிப்போய்க் கேப்டனிடம் சொன்னார். "சட்டையைத் தைச்சது போதும், இப்ப வாயைத் தை" என்று கேப்டன் ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

"ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கையில கார்னர். பூட்டு எப்படியோ முன்னால போயிட்டான். கொக்கு எங்கே தெரியுமா? கோட்டுக்கு வெளியே, என் பக்கத்துல. கணுக்கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். நான் முதல்முதலா கண்ணால பார்த்த கோல் அது. மழையிலயும் சேத்துலயும் யாருக்கும் முகம் தெரியல, ரெஃப்ரி ஒம்பதுன்னு எழுதினாரு. எழுதினதை மறுத்தா, ஒரே நம்பர்ல ரெண்டு பேர் ஆடினாங்கன்னு கோப்பை போயிடும். என் வேலையும் போயிடும். பூட்டு என்னைப் பார்த்தான். 'பரவால்ல மாமா, கோல் கோல்தானே'ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் அந்தப் பேச்சே எடுக்கல."

 நுரைக்காரரின் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டது. பேக்கரிக்காரர் எழுந்து, படத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஆட்டக்காரர்கள் வானத்தில் தொங்கினார்கள். நம்பர் மட்டும் நேராக நின்றது.

"முப்பத்திரண்டு வருஷமா இதுக்கு அடியில தலையைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அவர். பிறகு சட்டென்று போய்க் கதவைச் சாத்தினார். "யோவ், வெளியே யாராச்சும் கேட்டாங்களா? அந்தப்பக்கத்துக்காரன் காதுல விழுந்தா கோப்பையைக் கேட்டு நாளைக்கே வந்து நிப்பான்!"

"இனிமே கேக்க முடியுமாய்யா?" என்றார் சலூன்காரர்.

"முடியாதுதான். கேலி பண்ணியே கொன்னுடுவான். அது போதாதா? அண்ணே, சொன்னது சொல்லிட்டீங்க, மறுபடியும் வாயைத் தைச்சுக்குங்க. நாங்களும் தைச்சுக்கிறோம்."

கேப்டன் சொன்னதையே ரசிகர்களும் சொன்னார்கள். பதினொன்றாவது பெயர் பூட்டு என்று முடிவாயிற்று. காரணம் கேட்ட செயலாளரிடம், "பூட்டு இல்லாத வீடு உண்டா?" என்றார் பேக்கரிக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

வீட்டில் மனைவி சலூனில் நடந்தது முழுவதையும் கேட்டாள். "அப்போ கோல் இன்னும் கொக்கு பேர்லதான்?"

"ஆமா."

"பாதித் தையல்தான் போட்டிருக்கீங்க" என்றாள். ஆனால் அன்று மார்க்கெட்டுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போனாள்.

சுவர் எழுதுகிறவருக்கு முகங்களைவிட நம்பர்தான் தொல்லை. பழைய மாதிரியே வேண்டும் என்று தையல்காரரிடம் அச்சு கேட்டார். அவர் அட்டையில் எல்லா நம்பரையும் வெட்டிக்கொண்டு போனார். மற்ற பத்துப் பேரையும் எழுதி முடித்து, கடைசியாக ஆறைக் கையில் வாங்கிய ஓவியர் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஐயா, இதுல எது மேல்பக்கம்?"

அந்த மழைக்குப் பிறகு தையல்காரர் வெட்டிய ஒவ்வொரு நம்பரிலும் தலைப்பக்கம் ஒரு சாக்பீஸ் புள்ளி இருக்கும். இந்த ஒன்றில் வைக்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படி வைக்கட்டும் மாப்ளே? நீயே சொல்லு."

பூட்டு சுவரைப் பார்த்தார். முதல் ஆளாகக் கொக்கு, நேர்க் கால் ஒன்பதோடு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். கடைசியில் தனக்கு விட்ட இடம், வெறும் சுண்ணாம்பாக இருந்தது.

"நேரா வைங்க மாமா" என்றார். "ரெண்டு ஒம்பது இருந்தா மறுபடியும் வம்பு."

தையல்காரர் பையில் கைவிட்டுச் சாக்பீஸை எடுத்து, ஆறின் தலையில் ஒரு புள்ளி வைத்து, ஓவியரிடம் கொடுத்தார்.