டிரைவருக்கு ஒரு மஞ்சள் சட்டை

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் இனி வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தது அவர் மனைவியின் தப்பு. கொஞ்ச நாள் நாற்காலியைத் தேய்த்தார். பிறகு ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இப்போது என்னடாவென்றால், நெடுந்தூரம் மிதிக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மகள் இருக்கும் ஊர்வரைக்கும் போகப்போகிறாராம். விடியலில் கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். தெருவே டிரைவர் என்று கூப்பிடுகிற ஆள். சாதித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

அவளுக்கோ பயம். அந்தச் சாலையில் ஓடுகிற லாரிகள் கொஞ்சமா நஞ்சமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனார். எல்லாம் பஸ்காரர் பழக்கம்தான்: பழைய காக்கி பேண்ட், சீட்டின்மேல் நாலாக மடித்த துண்டு.

"காலம் பூரா துண்டு போட்டுத்தான உக்காந்தேன்? எனக்குத் தெரியாதா?" என்று வீறாப்பு வேறு.

போனவர் மதியம் திரும்பி வந்து நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்கும்."

"குப்புறப் படுத்தா இன்னும் நல்லா செரிக்குமோ?"

காரணம் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. துணிக்கடையில் பேண்ட்டுகளைப் பிடித்தும் பிரித்தும் தைக்கிற வேலை அவளுடையது. காக்கியில் தொடை சேருமிடத்தில் தையல்களெல்லாம் கூடித் தடித்துக் கிடக்கும். துண்டு நழுவ நழுவ அந்தத் தடிப்பு தோலை அறுத்திருக்கிறது. சொன்னால் உடுப்பை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சொல்லாவிட்டால் சைக்கிளே வேண்டாமென்று கிடப்பார். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "முடியாது போல இருக்கும்மா. அப்பாவுக்கு வயசாயிடுச்சு."

அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை.

"வயசும் இல்ல, மண்ணும் இல்ல. தையல் சரியில்ல. கிளம்புங்க கடைக்கு," என்றாள்.

சைக்கிள் கடையில் மெத்தை வைத்த இறுக்கமான கால்சட்டைகளை ஒவ்வொன்றாக உட்புறம் திருப்பி விரலால் தடவிப் பார்த்து, எங்கும் உறுத்தாத ஒன்றை எடுத்தாள்.

"இதுக்குள்ள வேற எதுவும் போடக்கூடாதுங்க," என்றார் கடைக்காரர்.

"எதுவுமேவா?"

"எதுவுமே."

டிரைவர் நெளிந்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மேலுக்கு அவர் ஒரு சாம்பல் நிறச் சட்டையை எடுத்தார். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கண்ணைக் குத்துகிற மஞ்சள் ஒன்றை நீட்டினாள்.

"இதைப் போட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் பாத்துட்டான்னு அர்த்தம். லாரிக்காரனும் பாக்கட்டும்."

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். தொப்பை தனியாகத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "நான் போறதுல உனக்கு இஷ்டமில்லதான?" என்றார் மெல்ல.

"இல்லதான். இப்பவும் இல்ல." முதுகில் சுருண்டிருந்த துணியை இழுத்துவிட்டாள். "அன்னிக்கு நான் பஸ்ஸுல முன்னாடியே போய், மக வீட்டு வாசல்ல நிப்பேன். தெருமுனை திரும்பும்போதே நீங்கதான்னு எனக்குத் தெரியணும்."