வலமாகச் சுற்றியவர்

எங்கள் கோவை ஸ்டேடியத்தின் பழைய கேலரியைப் பலப்படுத்தி, புது டிராக் போட்டுத் திறந்தார்கள். இனி எல்லோரும் இடமாகத்தான் சுற்ற வேண்டும் என்று போர்டும் வைத்தார்கள். எனக்கு நிம்மதி. அதுவரை நான் நடக்கும்போது, வேட்டியும் கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர், கோயிலில் போல வலமாகவே சுற்றுவார். ரவுண்டுக்கு இரண்டு முறை எதிரே வந்து, காலை ஆறு மணிக்கு, "சாப்டாச்சுங்களா?" என்பார்.

மறுநாள் பார்த்தால், எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார்.

"ஏனுங்க இப்படி?"

"போர்டு சொல்ற பக்கந்தானுங்க போறேன். கிரவுண்டும் எனக்குச் சோத்தாங்கைப் பக்கமே இருக்குதுங்க. எடமாச் சுத்துனா ஆகாதுங்க."

இரண்டுமே சரியாகத்தான் இருந்தது.

இப்போது ரவுண்டு முழுக்க என் முகத்தைப் பார்த்தபடியே விசாரிக்கிறார். அவர் வழியில் யாராவது நின்றால், நான்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.