டெலிபோனில் ஊறிய பிளாஸ்டிக்

தொண்ணூறுகளில் மலேசியாவில், சிரம்பான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளில் எலியின் எலும்புச் செல்களை வளர்ப்பதுதான் வேலை. கட்டடத்துக்குச் சாரம் போடுகிற மாதிரி. எலும்பு வளர்ந்ததும் சாரம் கரைந்துவிட வேண்டும். ஆனால் அந்தச் சனியன் செல்கள் ஒட்டவே மாட்டா. சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். மாதம் முடிவதற்குள் ஒட்டாவிட்டால் என் ஒப்பந்தம் காலி. எஸ்டேட்டுக்குத் திரும்பி ரப்பர் பால் வாளி தூக்க வேண்டியதுதான்.

“காஸ்டிக் சோடாவுல அஞ்சே நிமிஷம் போடு. மேல்பக்கம் சொரசொரப்பாகும், ஒட்டும்,” என்றார் என் மேலதிகாரி டாக்டர். மிச்சமிருந்தது ஐந்து வில்லைகள். போட்டேன். டெலிபோன் அடித்தது.

கிராணி, அதாவது எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. அம்மாவுக்கு ரிசீவரைத் தொடப் பயம். பக்கத்தில் நின்றுகொண்டு அவரைப் பேச வைத்தாள்.

“நீ பிளாஸ்டிக்ல கறி வளக்கிறியாமே? அம்மா கேக்குறாங்க.”

“கறி இல்ல, எலும்பு.”

“எலும்பாம்!” என்று அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார். அம்மா அழ ஆரம்பித்தாள். “யாரு எலும்புன்னு கேக்குறாங்க.”

“எலியோடது!”

“அந்தக் கையோட கோயிலுக்கு வந்துறாதங்குறாங்க லா.”

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத முடியாது. இருவருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் நான்கு வில்லைகள் ரசத்தில் போட்ட அப்பளமாகக் கரைந்து கிடந்தன. தடித்த ஒன்று மட்டும் பூச்சி அரித்ததுபோல மிஞ்சியிருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கழுவி, அதிலேயே செல்களை விட்டேன். ஒரு வாரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தீபாவளிக்கு முதல் நாள் ராசாவுக்குப் போகிற பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு செல்கள்!

டாக்டருக்கு வாயெல்லாம் பல். “எத்தனை நிமிஷம் ஊற வெச்ச? இன்னொரு தடவை இதே மாதிரி வந்தா உன் ஒப்பந்தத்தை நீட்டிடலாம்.”

ஐந்து என்று புளுகினால் அடுத்த முறை மாட்டிக்கொள்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போன் போட்டேன்.

“கிராணி, அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் பேசினேன்?”

“பேசினியா? நாப்பது நிமிஷம் திட்டின. கடிகாரத்தப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன், டீ ஆறிப்போச்சு. இப்ப என்ன, மன்னிப்புக் கேக்கவா?”

“ஆமா,” என்றேன். வேறென்ன சொல்வது?

நாற்பது நிமிடம் என்று நோட்டில் எழுதினேன். தடித்த வில்லைகளாகப் பார்த்து மறுபடி செய்தோம், ஒட்டியது. வேலையும் நிலைத்தது.

“எப்படி இவ்வளவு கரெக்டாச் சொன்ன?” என்றார் டாக்டர்.

“சாட்சி இருக்கு,” என்றேன்.