அட்டைக்குள் மறைத்த பெயர்

போன ஆடி மாதம் ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது. அந்தப் படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் மகள் செய்யாறில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகம் கொண்டு வருவாள். ஜவ்வாது மலையில் பிறந்தவர் எழுதியது ஒரு வாரம், முஸ்லிம் பெண் எழுதியது அடுத்த வாரம், பிறகு ஒரு திருநங்கை எழுதியது. "நம்மள மாதிரி இருக்கறவங்க எழுதினதத்தான் ஸ்கூல்லயே படிச்சிட்டேனேம்மா" என்பாள். அந்த வாரம் வந்தது, ஊருக்கு வெளியே தள்ளிவைத்த காலனியில் பிறந்த ஒரு பெண் எழுதிய சொந்த வாழ்க்கைக் கதை. பின்னட்டையில் அவர் படமும் சாதியும் வெளிப்படையாக இருந்தன.

எங்கள் வீட்டு முன்கூடத்தில்தான் தறி. சொந்தக்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். யார் கண்ணிலாவது பட்டால் என்ன பேசுவார்களோ என்று, மகள் குளிக்கப் போன நேரத்தில் அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுவிட்டேன். அதுவே வினையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் வந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லை யாரும் மீறியதில்லை. மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்தார்.

"காலேஜ் படிக்கிறவ எதுக்கு அட்டை போடுறா? இன்னாத்த மறைச்சி வச்சிகினு கீறா உன் பொண்ணு?"

அட்டையைக் கிழித்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஓ, கதை அப்படிப் போவுதா! எவன் குடுத்தான்?"

"எவனும் குடுக்கல பெரியப்பா. லைப்ரரில நானே எடுத்தேன்."

"அப்புறம் எதுக்குடி மூடி வச்ச?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிழிந்த தாளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"படிச்சது போதும். ஜல்தியா ஒரு இடம் பாத்து முடிச்சிடலாம்" என்று தறியில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். சாயங்காலம் வந்து பேசுவதாகச் சொல்லி அண்ணன் கிளம்பினார்.

மகள் சாப்பிடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் எழுத்தாளரின் அம்மா, மகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, எந்தத் தெரு என்று யார் கேட்டாலும் சொல்லாதே என்கிறாள். தெரிந்தால் அடித்துவிடுவார்களோ என்று பயம். அந்தச் சிறுமி பள்ளிவிட்டு வரும்வரை அம்மா வாசலில் வழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த அம்மா யாருக்குப் பயந்திருப்பாள் என்று யோசித்தபோது எங்கள் தெரு ஆட்களின் முகங்கள்தான் வந்தன. என் முகமும்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, அட்டை போட்டது நான்தான். நீங்க பாத்தா சத்தம் போடுவீங்கன்னு போட்டேன். அவ படிப்ப நிறுத்தாதீங்க."

"ஓ! ஆத்தாளும் பொண்ணும் கூட்டா? நீயும் படிச்சிட்டியா?"

"பாதி படிச்சிருக்கேன் மாமா. மீதியும் படிப்பேன்."

என் கணவர் தரையைப் பார்த்தபடியே, "அவ காலேஜுக்குப் போவட்டும்ண்ணா" என்றார்.

அண்ணன் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். இன்றுவரை பேச்சில்லை.

மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் பஸ் தாமதமானால் இப்போதும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பயந்து இந்நேரம் எந்த அம்மா தன் வாசலில் நிற்கிறாளோ என்ற நினைப்பும் கூடவே வந்து, மகள் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் என்னை உட்காரவிடுவதில்லை.