மருமகளும் வைஃபை பொத்தானும்

என் மருமகள் கருப்புத் திரையில் நாலு வரி தட்டினால் தெருவிலுள்ள வைஃபையெல்லாம் எழுந்து நின்று கும்பிடும். சரி, தெரு என்பது கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டு வைஃபை மட்டும்.

அன்று பத்து மணிக்கு, நெட்வொர்க் பராமரிப்பு வேலைக்காக, மடிக்கணினி வழியே அவளுக்கு நேர்காணல். பத்து நிமிடம் இருக்கும்போது இணைப்பு செத்துப்போனது. நெட் இல்லை என்று நேர்காணல் எடுப்பவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? கட்டளை மேல் கட்டளை தட்டினாள். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மாட்டினாள். கடைசியில், வைஃபை பொத்தானால் தடுக்கப்பட்டிருக்கிறது என்றது திரை.

"எந்தப் பொத்தான்? என் தலையெழுத்து!"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினியின் பக்கவாட்டிலிருந்த குட்டிப் பொத்தானைத் தள்ளினேன். இணைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. எல்லாம் என் புண்ணியம்.

இதைப் படித்த மருமகள் சொன்னாள்: "அத்தை, காலையில தூசி தட்டுறேன்னு துணியால தேய்ச்சு அதை அணைச்சதே நீங்கதான். அதையும் எழுதுங்க."