வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கருவாடு

எங்கள் வீட்டை விற்க ஏஜெண்ட் தம்பி செய்த முதல் காரியம், திரு இருதய ஆண்டவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னது.

"வாங்க வர்றவங்க அவங்க சாமிய அந்த இடத்துல நினைச்சுப் பார்க்கணும் ஆன்ட்டி. சும்மா டெம்பரரி லா."

அவன் எங்கள் பங்குக் கோவில் பிள்ளைதான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன். அங்கே ஆண்டவரைப் புகழ்ந்துவிட்டு இங்கே வந்து அவரைக் காலி செய்யச் சொல்கிறான். படத்தை அலமாரியில் என் பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். ஏழையாகப் பிறந்தவருக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

இரண்டாவது கட்டளை, வீட்டில் வாசனை கூடாது. மீன் பொரிக்காதீங்க, சாம்பிராணி போடாதீங்க, மசாலா வறுக்காதீங்க. ஆட்கள் வருவதற்கு முன்பு காபி மட்டும் போடலாம். "காபி வாசம் வந்தா விலை ஏறும் ஆன்ட்டி" என்றான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பையன்.

வீடு மரீன் பரேட்டில், இருபத்தோராவது மாடியில். 'கடலோர வீடு' என்று விளம்பரம் போட்டிருந்தான். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு விரைவுச்சாலையும் ஒரு பூங்காவும் இருப்பதை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. ஆனால் சமையலறை ஜன்னலில் நின்றால் கடல் தெரியும், அது பொய்யில்லை. கப்பல்கள் நங்கூரம் போட்டுக்கொண்டு, கிளினிக்கில் நம்பர் எடுத்தவர்கள் மாதிரி காத்திருக்கும். இருபத்தாறு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவினேன். மாமியார்மேல் வந்த கோபம், மகள்மேல் வந்த கோபம், பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியவள்மேல் வந்த கோபம், எல்லாவற்றையும் அந்த ஜன்னலில்தான் கொட்டித் தீர்த்தேன். அதை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டு மருகவும் இல்லை. காலையும் மாலையும் வாய்விட்டுச் சொன்னேன்.

விற்க வேண்டும் என்று நின்றவர் என் வீட்டுக்காரர். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் நூலகத்தில் பேசுகிற அளவுதான் பேசுவார். கல்யாணச் சேலையின் நிறம் முதல் மகளின் பெயர் வரை எல்லாம் என் முடிவு. அப்படிப்பட்ட மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. பொங்கோலுக்குப் போகலாம், மகள் பக்கத்தில் இருப்பாள், சின்ன வீடு போதும் என்றார்.

"அங்கயும் தண்ணி இருக்கு" என்று சமாதானம் வேறு.

"அதுக்குப் பேர் வாய்க்கால்" என்றேன்.

சனிக்கிழமைதோறும் சகாயமாதா நவநாளுக்குப் போனோம். வீடு விற்க வேண்டும் என்று அவர் வேண்டினார். அதே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, விற்கக் கூடாது என்று நான் வேண்டினேன். மாதா பாவம், யாருக்குத்தான் சகாயம் செய்வாள்? அவளை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். தேக்கா சந்தைக்குப் போய்த் திருக்கைக் கருவாடு வாங்கி வந்தேன். ஆள் வருகிறார்கள் என்று தம்பி போன் செய்தால் போதும், அடுப்பில் சட்டி ஏறிவிடும். புகைபோக்கி விசிறியை அணைத்துவிடுவேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை வீடு வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்க வரம்பு உண்டு. சீனர்களின் வரம்பு நிரம்பிவிட்டதால் எங்கள் வீட்டை அவர்கள் வாங்க முடியாது. வந்தால் மலாய்க்காரர் வரவேண்டும், இல்லாவிட்டால் நம்மவர் வரவேண்டும். சரி, சீனர்கள் வந்திருந்தால் மட்டும்? அவர்கள் உப்புமீன் போட்டுச் சோறு கிளறுகிறவர்கள். யோசித்துப் பார்த்தால் இந்தத் தீவில் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்துகிற இனமே கிடையாது, என் மகளைத் தவிர.

முதலில் ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. அந்த மனிதர் வாசலிலேயே மூச்சை இழுத்து, "ஆகா, இக்கான் மாசின்" என்று கருவாட்டை மலாயில் பேர் சொல்லிக் கூப்பிட்டு நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டார். படுக்கையறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் மிளகாய்ச் சம்பால் அரைப்பது பற்றிப் பேசினோம். நல்லவேளை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்து ஒரு குஜராத்திக் குடும்பம். சுத்த சைவம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். அன்று எனக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, என்ன எப்பப் பார்த்தாலும் கருவாடு?"

"தவக்காலம் தம்பி, கறி திங்கக் கூடாது."

"தவக்காலம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு ஆன்ட்டி."

"எனக்குப் பாவம் ஜாஸ்தி" என்றேன்.

மூன்றாவதாக வந்தது ஒரு தமிழ் ஜோடி, கிளமெண்டியிலிருந்து. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்தப் பெண் உள்ளே வந்ததும், "ஆன்ட்டி, திருக்கையா? எங்கம்மா வீட்டுல நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நான் சட்டியைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்கள் எல்லா அறைகளையும் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி பால்கனியில் போனில் இருந்தான். அந்தப் பெண் என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"இவ்ளோ நல்ல வீட்ட ஏன் அங்கிள் விக்கிறீங்க?"

மகள், பொங்கோல், சின்ன வீடு என்று வழக்கமான பாட்டைப் பாடுவார் என்று நினைத்தேன். சமையலறைக்குக் கேட்டது வேறு.

"வாங்கப் போறவங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா" என்றார். "எனக்கு இங்க தூக்கம் வராது. குடிவந்த நாள்லேர்ந்து. கீழ வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், சத்தம் மேல ஏறி வரும்."

"ஆன்ட்டி எப்படித் தூங்குறாங்க?"

"அவளுக்கு அது அலைச் சத்தம். வந்த அன்னைக்கே, 'கேட்டீங்களா, அலை'ன்னு அவ்ளோ சந்தோஷமாச் சொன்னா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இந்த மனிதர் தேக்கா போகிற பஸ்ஸில் தூங்குவார். மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்குவார். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் தூங்குவார். அப்போதெல்லாம் நான் விலாவில் இடித்து எழுப்பியிருக்கிறேன், பக்தி இல்லாதவர் என்று மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கோபம்தான் முதலில் வந்தது. வாயைத் திறந்து சொல்வதற்கென்ன, முத்தா உதிர்ந்துவிடும்? பிறகு வந்தது அவமானம். வீட்டை வாங்க வந்த ஊர்பேர் தெரியாத பெண்ணிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியாதபடி நான் வைத்திருந்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்தேன். விசிறியைப் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

அந்தப் பெண்ணுக்குக் குறும்பு. "ஆன்ட்டி, உங்களுக்கு நிஜமாவே அலை மாதிரியா கேக்குது?" என்றாள்.

அலைதான் என்று சாதித்திருக்கலாம். இருபத்தாறு வருடப் பழக்கம், நாக்கு தானாகவே சொல்லிவிடும். இல்லை, சத்தம் தாங்காதும்மா, பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள், வீடும் எனக்கே மிஞ்சியிருக்கும்.

"உங்க கிளமெண்டி வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"டிரெய்ன் பாதைக்குப் பக்கத்துலதான் ஆன்ட்டி. ஜன்னலே அதிரும்."

"அதிருற வீட்டுல தூங்குறீங்களா?"

"நல்லாத் தூங்குவோம்" என்றான் அவள் கணவன்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது.

"அது வண்டிச் சத்தம்தாம்மா" என்றேன். "எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். உங்கள இது ஒண்ணும் செய்யாது. வாங்கிக்குங்க."